கம்பியைக் கட்டச் சொன்னவர்

பிரவீனாவுக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, தாழும். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கிற வரிசை வீடுகளான லயத்தில் எல்லோருக்கும் இது தெரியும். சத்தம் போட்டுச் சண்டை பிடிக்கிறவர்களை அங்கே யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. பிரவீனா மெல்லப் பேச ஆரம்பித்தால்தான் எதிரில் நிற்பவர் காலை மாற்றி வைப்பார். போன வருடத்தில் பாதிக்குமேல் அவள் அந்தத் தாழ்ந்த குரலில்தான் பேசித் திரிந்தாள். காரணம், ஒரு கிழட்டுச் சிறுத்தை.

மாத்தளைப் பக்கம் எல்கடுவைக்கு மேலே, தேயிலை முடிந்து காடு தொடங்குகிற இடத்தில் உள்ள தோட்டம் அவளுடையது. அவளுடையது என்றால் அவள் பிறந்தது, கொழுந்து பறித்தது, கல்யாணம் கட்டியது எல்லாம் அங்கே. மற்றபடி ஒரு செடிகூட அவளுக்குச் சொந்தமில்லை. கணவன் தம்புள்ளை மரக்கறிச் சந்தையில் மூட்டை ஏற்றுகிறவர், மாதம் இரண்டு தடவை வருவார். பிள்ளைகள் இரண்டு பேரும் பள்ளிக்கூடம்.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் காலை, பெரட்டுக்களத்தில் வேலைக்குப் பெயர் கொடுத்துக்கொண்டிருந்த நேரம், ஒரு ஜீப் வந்து நின்றது. காட்டு விலங்குகளை ஆராய்ச்சி செய்கிற ஒரு நிறுவனத்து ஆட்கள். ஜீப்பை ஓட்டி வந்த ரிஸ்வி மாத்தளை டவுன்காரர். ஓட்டுநரும் அவர்தான், வேலையை மேற்பார்வை செய்கிறவரும் அவர்தான். தோட்டத்தில் புலி நடமாடுகிற வழி தெரிந்த ஆம்பிளை ஒருவர் வேண்டும் என்று கேட்டார். தோட்டத்தில் சிறுத்தையைப் புலி என்றுதான் சொல்வார்கள். நாலைந்து பேர் நாலைந்து பக்கம் கையைக் காட்டினார்கள். கூடையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்ற பிரவீனா சிரித்துவிட்டாள்.

"ஏன் சிரிக்கிறீங்க?" என்றார் ரிஸ்வி.

"இவங்க காட்டுறதெல்லாம் புலி ஓடுன வழிங்க. நடக்கிற வழி வேற."

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

"ஆளையோ நாயையோ கண்டா ஓடும். அதை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. நடக்கிறது தன்னோட வேலைக்கு. மூணாம் நம்பர் மலைக்கு மேல, காட்டு ஓரத்து ஒத்தையடிப் பாதையில பின்னங்காலால மண்ணைப் பிறாண்டி வச்சிருக்கும். வாரத்துல ஒரு நாள் புதுசா இருக்கும். வேலைக்குப் போறப்போ நான் அதைத் தாண்டித்தான் போறேன்."

அந்த இடத்தில் முதல் கெமராவைக் கட்டினார்கள். முன்னால் எது நடந்தாலும் தானாகப் படம் எடுக்கிற சின்னப் பெட்டி அது. நாலாம் நாள் பெரிய ஆண் சிறுத்தை ஒன்று அதில் விழுந்தது. ஆம்பிளை தேடி வந்தவர்கள் பிரவீனாவையே வேலைக்குக் கேட்டுவிட்டுப் போனார்கள். பத்து நாளைக்கு ஒரு தடவை பதினெட்டுக் கெமராவுக்கும் போய் கார்டை மாற்ற வேண்டும், பட்டரியைப் பார்க்க வேண்டும், கண்ட தடங்களைக் கொப்பியில் எழுத வேண்டும். "புலிக்குப் பேர் போடுற வேலையா?" என்று லயத்தில் கேலி செய்தார்கள். அவள் கேட்டுக்கொண்டே போனாள். அந்த வேலையை அவளைவிட நன்றாக வேறு யாரும் செய்திருக்க முடியாது.

அந்தப் பெரிய ஆணுக்கு அவள் வைத்த பெயர் கங்காணி. ஏலக்காய் மேட்டிலிருந்து கீழ் ஆற்றுப் பாலம் வரைக்கும், அங்கிருந்து கருப்பந்தேயிலை மரங்கள் நிற்கிற பக்கமாக ஏறித் திரும்பவும் மேட்டுக்கு, ஆறு நாள் ஏழு நாளில் ஒரு சுற்று வரும். வருகிற வழியில் குறிப்பிட்ட மரங்களில் நகம் கீறும், அடிமரத்தில் மூத்திரம் பீய்ச்சும், மண்ணைப் பிறாண்டும். விடியற்காலையில் மரம் அறுக்கிற மாதிரி ஒரு சத்தம் மலையில் கேட்டால், 'இது என் இடம், வேறு எவனும் வரவேண்டாம்' என்று அர்த்தம். மலை மலையாகப் போய் வேலை பார்க்கிற கங்காணிக்கும் அதற்கும் என்ன வேறுபாடு? வலது விலாவில் மூன்று பெரிய புள்ளிகள் அடுப்புக்கல் மாதிரி கூடி நிற்கும். அதை வைத்து எந்தப் படத்திலும் கங்காணியைக் கண்டுபிடித்துவிடுவாள். அதன் எல்லைக்குள்ளே பூவாயி என்று ஒரு பெட்டை இருந்தது. நாலு வருடத்தில் இரண்டு தடவை குட்டி போட்டது.

பிறகு வரத்தான் வந்தான். நக்கிள்ஸ் மலைப் பக்கத்திலிருந்து இறங்கி வந்த இளம் ஆண், கழுத்து தடித்தவன். வெளியிலிருந்து வந்தவன் என்பதால் அவள் வைத்த பெயர் அது. முதலில் ஓரத்துக் கெமராக்களில் மட்டும் தெரிந்தான். கங்காணி பீய்ச்சிய மரத்தை மோந்து பார்த்துவிட்டு ஓடிப்போவான். ஆறு மாதம் கழித்து அதே மரத்தில் தானும் பீய்ச்சினான். அதைப் படத்தில் பார்த்த அன்றே பிரவீனாவுக்கு விளங்கிவிட்டது. சண்டையை யாரும் காணவில்லை. ஒரு மழைக்காலத்துக் காலையில் மதகுப் பக்கம் மானாப்புல் வட்டமாக நசுங்கிக் கிடந்தது, கல்லில் இரத்தம். அடுத்த வாரத்துப் படத்தில் கங்காணியின் இடது காது கிழிந்திருந்தது, முன்னங்கால் ஒன்றைத் தூக்கித் தூக்கி வைத்தது. இரண்டு மாதத்தில் பூவாயியின் குட்டிகள் இரண்டையும் காணோம்.

நிறுவனத்தின் தலைவரை எல்லோரும் டொக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் கொழும்பிலிருந்து வந்திருந்தபோது பிரவீனா கேட்டாள். "குட்டிங்க என்னங்க பாவம் பண்ணுச்சு?"

"புதுசா வாற ஆண் அப்படித்தான் செய்யும், பிரவீனா. பழைய குட்டிகள் போனால்தான் பெட்டை திரும்பவும் அவனோட சேரும். அது அதுகளோட சட்டம்."

ஒரு வாரம் அதை யோசித்துக்கொண்டே கார்டு மாற்றினாள். அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடுகிற ரிஸ்வியிடம் கடைசியில் சொன்னாள். "வரத்தான் மேல எனக்கு இப்போ கோபம் இல்ல நானா. வயித்துக்கும் வம்சத்துக்கும் சண்டை போடுது. ஒளிச்சு மறைச்சு ஒண்ணும் செய்யல. நேருக்கு நேரா நின்னு அடிச்சுப் பிடிச்சுச்சு."

தோற்ற கங்காணி கீழே ஒதுங்கியது. ஏலக்காய் மேடும் பாதையும் மரங்களும் வரத்தானுக்குப் போயின. மிஞ்சியது லயத்துக்கும் பழைய பங்களாவுக்கும் நடுவே உள்ள ஒடுங்கின துண்டு நிலம். பங்களா அப்போது பங்களாவாக இல்லை. அதை வாங்கி ஹொட்டேல் ஆக்கியிருந்தார்கள். வெள்ளைக்காரர்கள் வருவார்கள், கொழும்பு ஆட்கள் வருவார்கள். 'சிறுத்தைகளின் நாடு' என்று வாசலில் பெரிய பலகை. பலகையைப் பார்த்து வருகிறவனுக்குச் சிறுத்தையைக் காட்டாமல் அனுப்ப முடியுமா? ஆகவே ஹொட்டேல் ஆட்கள் காட்டு ஓரத்தில் கோழிக்குடலையும் தலையையும் கொட்ட ஆரம்பித்தார்கள். ஒரு தடவை உயிரோடு ஓர் ஆட்டுக்குட்டியைக் கட்டி வைத்திருந்தார்கள். வெள்ளி, சனி பின்னேரங்களில் வரத்தான் அந்த ஒரே இடத்துக்குத் தவறாமல் வருவதை எட்டாம் நம்பர் கெமரா காட்டிக்கொடுத்தது. ஆளைக் கண்டால் ஓடுகிற புலி, ஆளைக் கண்டால் சாப்பாடு என்று நினைக்கப் பழகினால் முதலில் யார் வாசலுக்கு வரும்? லயத்து வாசலுக்குத்தானே?

பிரவீனா டொக்டருக்குப் போன் எடுத்தாள். அவர் கேட்டுவிட்டுச் சொன்னார், "நான் ஹொட்டேல் மனேஜரோட கதைக்கிறேன்." கதைத்தாரோ இல்லையோ, குடல் கொட்டுவது நிற்கவில்லை. திரும்பக் கேட்டபோது, "அவங்க காணியில நமக்கு ஏழு கெமரா இருக்கு. நம்ம மாணவர்கள் வந்தா அங்கதான் தங்குறாங்க. கொஞ்சம் பொறுமையா இருங்க" என்றார். இந்த விஷயத்தில் அன்றைக்குத்தான் அவள் குரல் முதல் தடவை தாழ்ந்தது.

"லயத்துப் பிள்ளைங்க ஸ்கூலுக்கு அந்தப் பாதையிலதாங்க நடக்குது," என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

இதை எழுதும்போது ஒன்றை மறைக்கக்கூடாது. சுருக்குக் கம்பி கட்டுகிறவர்கள் லயத்திலும் இருந்தார்கள். கால் ஏக்கரில் போஞ்சியும் லீக்ஸும் போட்டவன், ஒரே இராத்திரியில் காட்டுப்பன்றி உழுதுவிட்டுப் போனதைக் கண்டால் என்ன செய்வான்? துவக்கு வைத்திருக்க உரிமம் இல்லை, போன பயிருக்கு எவரும் ஒன்றும் தரப்போவதில்லை. பழைய பிரேக் கேபிளைச் சுருக்குப் போட்டு வேலியில் கட்டுவான். பன்றிக்குப் போட்ட சுருக்கில் எது தலை கொடுக்கும் என்று சுருக்குக்குத் தெரியுமா? நல்லையாவின் தோட்டத்தில் அப்படி ஒன்றை இரண்டு வருடத்துக்கு முன்னால் பிரவீனா கண்டாள். நல்லையா அவளுக்கு மூன்றாவது வீட்டுக்காரர், ஐம்பது வயது, கவ்வாத்து வெட்டுவதில் கெட்டிக்காரர்.

"கழட்டுங்க அண்ணே."

"உன்னோட புலி வந்து என் போஞ்சியைக் காக்குமா?"

"காக்கும். பன்னியைத் தின்னுறதே அதுதான். அது செத்தா பன்னி உங்க வீட்டுக்குள்ள வந்து படுக்கும்."

லயமே கூடி நின்று பார்த்த சண்டை. நல்லையா கம்பியைப் பிடுங்கி அவள் காலடியில் எறிந்துவிட்டு உள்ளே போனார். அதன்பிறகு ஒரு வருடம் அவளோடு பேசவில்லை. ஆனால் திரும்பக் கட்டவும் இல்லை. வேலியைச் சுற்றி வெற்றுத் தகரங்களைத் தொங்கவிட்டு, கயிற்றை இழுத்துச் சத்தம் எழுப்பிக் காவல் காத்தார்.

போன வருடம் பௌர்ணமியான ஒரு போயா விடுமுறை நாளன்று காலை ஏழு மணிக்குக் கீழ் லயத்திலிருந்து சத்தம் கேட்டது. "புலி மாட்டிக்கிச்சு!" பிரவீனா ஓடினாள். ஹொட்டேலின் மரக்கறித் தோட்டத்துக்கும் லயத்து ஆட்களின் பாத்திகளுக்கும் நடுவே ஓடுகிற வேலியின் மூலை. வேலிக் கட்டையில் கட்டின கம்பி இடுப்பைச் சுற்றி இறுகியிருந்தது. சுற்றிச் சுற்றி இழுத்ததில் மண் வட்டமாகப் பறிந்து கிடந்தது. மூச்சு வாங்க அது பக்கவாட்டில் படுத்தபோது விலா தெரிந்தது. மூன்று புள்ளிகள், அடுப்புக்கல் மாதிரி.

இருநூறு பேராவது இருப்பார்கள். ஆளுக்கொரு போன். கிட்டே போய்ப் படம் எடுக்கிறவன் ஒவ்வொருவனுக்கும் அது எழும்பிப் பாயும், பாய்கிற ஒவ்வொரு தடவையும் கம்பி இன்னும் கொஞ்சம் உள்ளே போகும். ஹொட்டேல் மனேஜர் விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். பின்னால் ஒருவன் இரண்டு பிளாஸ்டிக் கதிரைகளைத் தூக்கி வந்து போட்டான். வந்தவர்களில் ஒரு வெள்ளைக்காரப் பெண் மட்டும் பார்க்கவில்லை. முகத்தைப் பொத்திக்கொண்டு திரும்பிப் போய்விட்டாள்.

பிரவீனா மனேஜருக்கு முன்னால் போய் நின்றாள். சிங்களத்தில் சொன்னாள், "கதிரையை எடுங்க."

"நங்கி, இது எங்க பக்கம்," என்றார் மனேஜர். சிங்களத்தில் நங்கி என்றால் தங்கச்சி.

"சாகக் கிடக்கிறதைப் பார்க்கக் கதிரை போடுறீங்களா? எடுங்க."

அவர் சிரித்தார். அவள் அவரோடு மேலும் மினக்கெடவில்லை. கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டுகிற படங்கை எடுத்து வரச்சொல்லி லயத்துப் பெண்களைக் கூப்பிட்டாள். வேலம்மா வந்தாள், நாலைந்து பேர் சேர்ந்தார்கள், பிறகு பன்னிரண்டு பேர். படங்குகளை விரித்து ஒன்றோடு ஒன்று பிடித்துக்கொண்டு, கூட்டத்துக்கும் கங்காணிக்கும் நடுவே, கூட்டத்துக்கு முதுகைக் காட்டி வரிசையாக நின்றார்கள். பின்னாலிருந்து எவன் கத்தினாலும் திரும்பவில்லை. ஆட்களின் முகம் தெரியாமல் போனதும் அது பாய்வதை நிறுத்தியது. பகல் ஒரு மணி வரைக்கும், ஐந்து மணித்தியாலத்துக்கு மேலாக, அந்தப் பெண்கள் கை மாற்றி மாற்றிப் படங்கைப் பிடித்தார்கள்.

வனஜீவராசித் திணைக்களத்து மிருக வைத்தியர் இன்னொரு மாவட்டத்தில் காயப்பட்ட யானை ஒன்றோடு இருந்தவர், அதை விட்டுவிட்டு வந்து சேர்ந்தார். பாவம், அவர் ஒரே ஆள். மயக்க ஊசி போட்டுக் கம்பியை வெட்டினார். கூட்டில் ஏற்றும்போது மூச்சு இருந்தது. மூன்று மணிக்கு நின்றுவிட்டது. "உள்ளுக்கு எல்லாம் நசிஞ்சு போச்சு. ராத்திரியே மாட்டியிருக்கணும்," என்றார். பிரவீனா கூட்டுக்குப் பக்கத்தில் நின்று கிழிந்த இடது காதை ஒரு தடவை தொட்டாள். எட்டு வருடம் படத்தில் பார்த்ததை அவள் கையால் தொட்டது அன்று மட்டும்தான்.

அடுத்த நாள் பொலிஸ் வந்து நல்லையாவைப் பிடித்துக்கொண்டு போனது. சிறுத்தை மாட்டிய இடத்துக்குப் பக்கத்துப் பாத்தி அவருடையது. வீட்டுக்குப் பின்னால் ஒரு சுருள் கம்பி இருந்தது, துணி காயப்போடுகிற கம்பி. முன்பு சுருக்குக் கட்டினவர் என்று ஹொட்டேல் ஆட்கள் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அன்று பின்னேரம் டீவியில் செய்தி: மரக்கறிப் பாத்திக்காக அரிய சிறுத்தையைக் கொன்ற தோட்டத் தொழிலாளி. பின்னால் ஹொட்டேல் மனேஜர் தோன்றி, "நாங்கள் இந்த விலங்குகளைப் பிள்ளைகள் மாதிரிப் பார்க்கிறோம். இந்த மக்களுக்கு அறிவூட்ட வேண்டும்" என்றார்.

வேலம்மா டீவியை நிறுத்தினாள். பிரவீனாவுக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. யாரை யார் பிள்ளை மாதிரிப் பார்த்தது? கதிரை போட்டுப் பார்த்தவனா?

அப்போதுதான் அவளுக்குப் பதினோராம் நம்பர் கெமரா நினைவுக்கு வந்தது. கங்காணி கீழே ஒதுங்கிய பிறகு அந்த வேலி மூலையை அடிக்கடி கடந்ததால், எதிரே உள்ள பட்ட மரக்குற்றியில் மானாப்புல்லுக்குள்ளே அதைக் கட்டியிருந்தாள். கூட்டத்தில் ஒருவன் கண்ணிலும் அது படவில்லை. விடிந்ததும் போய்க் கார்டை எடுத்தாள். நிறுவனம் கொடுத்த சின்னத் திரையில் போட்டுப் பார்த்தாள்.

புதன்கிழமை காலை பத்தே காலுக்குப் படம். ஹொட்டேல் தோட்டக்காரன் திலகசிறி குந்தியிருந்து கட்டையில் கேபிளைச் சுற்றுகிறான். பக்கத்தில் தொப்பி போட்ட மனேஜர், கையை நீட்டி இடத்தைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். அடுத்த படத்தில் மனேஜரே குனிந்து சுருக்கை இழுத்துப் பார்க்கிறார், இறுகுகிறதா என்று. அதற்குப் பின்னால் மூன்று நாள் ஒன்றுமில்லை. பிறகு இருட்டில் கங்காணி, ஒரு காலைத் தூக்கி வைத்தபடி அந்த மூலையை நோக்கி வருகிறது.

டொக்டருக்குப் போன் எடுத்தாள். முழுவதையும் கேட்டார்.

"கார்டைப் பத்திரமா கொழும்புக்கு அனுப்புங்க. யாருக்கும் காட்டாதீங்க."

"நல்லையா அண்ணன் உள்ள இருக்காருங்க."

"அது பொலிஸ் பார்க்கிற விஷயம். நாங்க விஞ்ஞானம் செய்றவங்க. படங்கள் நிறுவனத்துக்குச் சொந்தம். நீங்க கையெழுத்து வச்சிருக்கீங்க."

"அந்தக் கடதாசி இங்கிலீஷ்லங்க இருந்துச்சு. அதுல குற்றத்தை மறைக்கணும்னு எழுதியிருந்துச்சுங்களா?"

"பிரவீனா, உணர்ச்சிவசப்படாதீங்க. ஹொட்டேலைப் பகைச்சுக்கிட்டா அந்த மலையில ஆராய்ச்சியே நின்னு போகும். செத்தது ஒரு கிழட்டு ஆண். எப்படியும் ரெண்டொரு வருஷத்துல போயிருக்கும்."

அவள் போனை வைத்தாள். எட்டு வருடம் மழையிலும் அட்டைக்கடியிலும் ஏறி இறங்கிக் கொண்டுவந்து கொடுத்த படங்களை வைத்து மேடை மேடையாகப் பேசினவர். அந்தக் கங்காணியின் படம்தான் நிறுவனத்துக் கலண்டரின் முன் அட்டை. அவர் வாயிலிருந்து இந்தப் பேச்சு!

அன்று கார்டு வாங்க ரிஸ்வி வந்தார். அவளே அவருக்கும் காட்டினாள். பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"இது எனக்கிட்டத் தந்தா நான் கொழும்புக்குக் கொண்டு போகோணும், தங்கச்சி. தராட்டி ஒங்கட வேலை போகும். ஒங்கள ஏத்திப் போனா என்ட வேலையும் போகும்."

"உங்களுக்குக் குடும்பம் இருக்கு நானா. நான் பஸ்ல போறேன்."

ரிஸ்வி ஜீப்பின் கதவைத் திறந்தார். "ஒரு அப்பாவி உள்ளுக்கு ஈக்கிறார். நாளைக்கு நான் அல்லாஹ்வுக்குப் பதில் சொல்லோணும், டொக்டருக்கு இல்ல. ஏறுங்க," என்றார்.

மாத்தளையில் சட்டத்தரணி அம்றா, ரிஸ்வியின் சொந்தக்காரப் பெண், முப்பது வயது இருக்கும். படங்களைப் பார்த்ததும் கார்டைக் கையால் தொடாமல் ஓர் உறைக்குள் போடச் சொன்னாள். "பிரதி எடுத்துக் குடுக்க வேணாம் தாத்தா, கோர்ட்ல இதையே குடுப்போம். நீங்கதான் வந்து சொல்லணும். பயமா?" என்று கேட்டாள். அவர்கள் பேச்சில் தாத்தா என்றால் அக்கா.

"பயம் இல்லம்மா. ஆத்திரம்."

விசாரணை நாளில் ஹொட்டேலுக்காக வந்த பெரிய சட்டத்தரணி முதலில் அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்க கொழுந்து பறிக்கிறவர். படத்தில் இருப்பது செத்த சிறுத்தைதான் என்று எப்படித் தெரியும்?"

அவள் வைத்தியர் எடுத்த படத்தையும் கெமராப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மூன்று புள்ளிகளைக் காட்டினாள். நீதவான் கண்ணாடியைக் கழற்றிக் குனிந்து பார்த்தார்.

"சரி. அந்த மனிதர் கட்டுவது சுருக்கு என்று எப்படிச் சொல்கிறீர்கள்? துணி காயப்போடும் கொடியாக இருக்கலாமே?"

"முழங்கால் உயரத்துல யாரும் துணி காயப்போட மாட்டாங்க ஐயா," என்றாள் பிரவீனா. நல்ல சிங்களத்தில், மெதுவாக. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

நல்லையாவைப் பிணையில் விட்டார்கள். ஹொட்டேல் வேலி முழுவதையும் பார்த்து அறிக்கை தரும்படி நீதவான் உத்தரவிட்டார். வனஜீவராசி அதிகாரிகள் இரண்டு பேர் வந்தார்கள். வழி காட்டினது பிரவீனா, கம்பி வெட்டினது நல்லையா. பட்டப்பகலில், விருந்தாளிகள் பார்த்துக்கொண்டிருக்க, ஹொட்டேல் மரக்கறிக்கு வருகிற பன்றிக்கென்று அந்த ஒரு வேலியில் பதினான்கு சுருக்கு. ஒன்றில் மரைமானின் கால் எலும்பு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. மனேஜர் போனில் பேசுகிற மாதிரி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

இப்படியெல்லாம் நடந்த பிறகு நியாயம் முழுசாகக் கிடைத்திருக்க வேண்டும்தானே? நாலு மாதத்தில் நல்லையாவை விடுதலை செய்தார்கள். அது கிடைத்தது. திலகசிறி குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனை வாங்கினான். மனேஜரோ, மரம் நடுகிற இடத்தைக் காட்டினேன், கம்பி என்னவென்று தெரியாமல் தொட்டுப் பார்த்தேன் என்று எழுதிக் கொடுத்தார். 'விசாரணை தொடர்கிறது' என்றார்கள். டீவியில் நல்லையாவின் விடுதலையைப் பற்றி ஒரு வரி வரவில்லை.

பிரவீனா திலகசிறியைத் தேடிக் கீழ்க் கிராமத்துக்குப் போனாள். அடிக்கப் போகிறாள் என்று வேலம்மா பயந்து கூடவே போனாள். அவன் வாசலில் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். "கட்டச் சொன்னா கட்ட வேண்டியதுதான், நங்கி. மாட்டேன்னு சொன்னா அடுத்த நாள் வேற ஆள்."

"அதைக் கோர்ட்ல சொல்லியிருக்கலாமே?"

"சொல்லக்கூடாதுன்னுதான் லோயரை அவங்க வச்சுத் தந்தாங்க."

திரும்பி வரும் வழியெல்லாம் அவள் ஒரே வசனத்தைத்தான் சொல்லிக்கொண்டு வந்தாள். "கட்டினவனுக்குத் தண்டனை, கட்டச் சொன்னவனுக்கு மரியாதை. பார்த்தியாக்கா? பார்த்தியா?"

நிறுவனத்திலிருந்து கடிதம் வந்தது, திரும்பவும் இங்கிலீஷில். நம்பிக்கையை மீறினதற்காக வேலையிலிருந்து நீக்கம். கெமராக்களைக் கழற்றிக்கொண்டு போனார்கள். ரிஸ்வியைச் சீகிரியாப் பக்கம் யானை பார்க்கிற வேலைக்கு மாற்றினார்கள். அவர் போகும் முன் வந்து சொல்லிவிட்டுப் போனார். பிரவீனா படங்கைக் கட்டிக்கொண்டு திரும்பவும் மலைக்குப் போனாள். யாரும் கேலி செய்யவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் படங்கு பிடித்த அந்தப் பன்னிரண்டு பெண்களும் காட்டு ஓரம் முழுக்க நடந்து கம்பி பிடுங்கினார்கள். யார் பாத்தி என்று பார்க்கவில்லை. வேலம்மாவின் தம்பியுடைய பாத்தியிலும் இரண்டு கிடைத்தது. அவனுக்கும் நல்லபடியாக ஏச்சு விழுந்தது. நல்லையா வீடு வீடாகப் போய்த் தகரம் கட்டிக் கொடுத்தார்.

ஒரு நாள் மனேஜரின் வான் வண்டி பாதையில் அவள் பக்கத்தில் நின்றது. கண்ணாடி இறங்கியது.

"நங்கி, நடந்தது நடந்து போச்சு. எங்களுக்குப் புலி காட்ட ஆள் வேணும். அந்தப் பெரிய ஆண் எங்க வரும், எப்ப வரும்னு உங்களைவிடத் தெரிஞ்சவங்க இல்ல. நல்ல சம்பளம். வாறீங்களா?"

அவள் வானுக்குக் கிட்டே போனாள். கேட்பதற்கு அவர் தலையை வெளியே நீட்ட வேண்டியிருந்தது.

"வரத்தான் எங்க வரும்னு எனக்குத் தெரியும். அதை இந்த மலையில நடக்கிற பிள்ளைங்களுக்குச் சொல்லுவேன், எந்தப் பக்கம் போகக்கூடாதுன்னு. உங்களுக்குச் சொல்லமாட்டேன். இன்னொண்ணு. அது புதுசா வந்து இடத்தைப் பிடிச்சது, நீங்களும் புதுசா வந்து இடத்தைப் பிடிச்சீங்க. அது செஞ்சதுக்கு மன்னிப்பு இருக்கு. உங்களுக்கு இல்ல."

கண்ணாடி ஏறியது.

அதற்குப் பிறகு மாதத்தில் ஒரு திங்கட்கிழமை அவள் மாத்தளைக்குப் போகிறாள். அம்றா எழுதிக் கொடுத்த முறைப்பாடு, தமிழிலும் சிங்களத்திலும், மனேஜரின் பெயரோடும் இரண்டு படத்தோடும். அதைக் கொடுத்த வனஜீவராசி அலுவலகத்தில் மேசைக்கு முன்னால் போய் நிற்பாள். "விசாரணையில் இருக்கு," என்பார் அங்கே இருக்கிற உத்தியோகத்தர். அவள் திரும்பிவிடுவாள். ஐந்து மாதம் அப்படிப் போனது. ஆறாவது மாதம் அவள் திரும்பவில்லை. எதிரே இருந்த வாங்குப் பலகையில் உட்கார்ந்தாள்.

"இன்னும் என்ன?" என்றார் அவர்.

"விசாரணையில இருக்குன்னு சொல்றீங்க. யார் விசாரிக்கிறாங்கன்னு பேரை எழுதித் தாங்க."

"அப்படியெல்லாம் தர ஏலாது."

"தர்ற வரைக்கும் இருக்கேன். இன்னைக்குக் கொழுந்து கம்மி."

மத்தியானம் வரைக்கும் இருந்தாள். வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லோரும் அவளைப் பார்த்தார்கள், அவள் எல்லோரையும் பார்த்தாள். கடைசியில் அவர் உள்ளே போய்ப் பெரியவரிடம் கேட்டுக்கொண்டு வந்து, ஒரு துண்டுக் கடதாசியில் ஒரு பெயரும் ஒரு தொலைபேசி இலக்கமும் எழுதி நீட்டினார். பிரவீனா அந்தப் பெயரை அங்கேயே நின்று ஒரு தடவை சத்தமாக வாசித்தாள். சரிதானா என்று கேட்டாள். சரி என்றார். வெளியே வந்து, எல்கடுவை பஸ் புறப்படுவதற்கு முன்னால், அந்த இலக்கத்துக்குப் போன் எடுத்தாள்.